மிதித்துக் கேட்ட வானொலி

கணினியில் படம் பார்க்கும் நண்பர் ஒருவர், ஆறு ஒலிபெருக்கிகளில் இரண்டே பேசுகின்றன என்று அண்மையில் குறைப்பட்டார். பழுது ஒலிபெருக்கியில் இல்லை. கணினியின் ஒலியமைப்பு இரு தடங்களுக்கு என்றே கிடந்தது. 5.1 என மாற்றியதும் பின்னிருந்தும் ஒலி எழுந்தது. எனக்கோ, ஒற்றைத் தடமே அரிதாயிருந்த யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. மக்கள் சைக்கிள் டைனமோவை வானொலியுடன் இணைத்தனர். டைனமோ தருவது ஆடலோட்டம்; அதனை டயோட்டுகளால் நேரோட்டமாக்கி, கொள்ளளவி ஒன்றால் சமன்செய்யாவிடின் இரைச்சலே மிஞ்சும். ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளை ஒருவர் மிதிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசை கேட்பர். மிதிப்பவர் சோர்ந்தால் செய்தியும் சோரும். குரல் அறவே நின்றுவிட்டால், டைனமோவின் தலை டயரில் வழுக்குகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அடுத்த சந்தேகம் துருவின்மேல். சைக்கிளின் இரும்புச் சட்டமே மின்சாரம் திரும்பும் வழி அல்லவா!

1995 தீபாவளிக்கு 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ ஒலியுடன் தமிழகத்தில் திரைக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து, ஒக்ரோபர் 30 அன்று, வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டனர். சைக்கிள்களில் அரிசி மூட்டைகளும் குழந்தைகளும் இருந்தன. நாவற்குழிப் பாலத்து நெரிசலில் அவற்றை மிதிக்க இடமில்லை, உருட்டியே சென்றனர்.