பம்பாய்த் தேக்கும் என் ஊன்றுகோலும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்லிபூல் என்று ஓர் ஊர். அங்கே இன்றும் தண்ணீரில் மிதக்கும் ஒரு பாய்மரப் போர்க்கப்பலின் பெயர் ஹெச்.எம்.எஸ். டிரிங்கோமலி. நம் திருகோணமலைதான், வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆகிவிட்டது. கட்டிய இடம்? நம்ம பம்பாய்! மும்பை நண்பர்கள் தினமும் கடந்துபோகும் லயன் கேட் இருக்கிறதே, அதற்குள் இருக்கும் கப்பல் தளத்தில்.

லவ்ஜி நுஸர்வான்ஜி வாடியா என்ற பார்சி தச்சர் 1736-ல் சூரத்திலிருந்து இங்கே வந்தார். அவர் வம்சத்தில் வந்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய கப்பல் இது. நெப்போலியன் யுத்த காலத்தில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. மலபார் தேக்கோ எண்ணெய்ப் பிடிப்புள்ளது, லேசில் உளுத்துப்போகாது. 1812-ல் ஆர்டர் ஆனது. வரைபடங்களைக் கொண்டுவந்த 'ஜாவா' கப்பலை அமெரிக்கர்கள் பிரேசில் கரைக்கு அப்பால் பிடித்து எரித்துவிட்டார்கள். மறுபடி வரைபடம் வந்து, வேலை முடிந்து, 1817 அக்டோபர் 12-ல் கடலில் இறக்கியபோது யுத்தமே முடிந்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பிறகு பல காலம் சும்மா கிடந்து, 1847-லிருந்து பத்து வருஷம் கடலோடியது. 1897-ல் உடைக்கப் போனதை ஒருவர் வாங்கிப் பயிற்சிக் கப்பலாக்கினார். 1987-ல் ஹார்ட்லிபூல் வந்து, 2001-ல் பழுதுபார்ப்பு முடிந்தது. எங்கள் வங்கியில் ஒரு நாற்காலிக்குப் பத்து வருஷத்தில் தேய்மானம் போட்டு முடித்துவிடுவோம். இந்தத் தேக்கு இருநூறு வருஷம் தாண்டி நிற்கிறது!

எனக்கு இரண்டு வயதில் போலியோ. இடது காலில் கேலிப்பர், கையில் ஊன்றுகோல். நியூகாசிலில் இருக்கும் மச்சினன் காரில் கூட்டிப்போனான். கப்பலைப் பார்த்ததும், "அத்தான், உள்ளே படியெல்லாம் செங்குத்தா இருக்குமாம். நீங்க கரையில உக்காருங்க, நான் போட்டோ எடுத்துட்டு வரேன்" என்றான். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் திருச்சி மலைக்கோட்டை முதல் ராய்கட் வரை எனக்கு எல்லாமே அடுத்தவர் எடுத்த போட்டோதான். 'இது போட்டோவாக வேண்டாம்' என்று கிளம்பிவிட்டேன்.

மேல்தளம் வரை சிரமமில்லை. கீழே இறங்குவது படி அல்ல, ஏணி. அங்கிருந்த ஊழியர் சொன்னார்: மாலுமிகளே ஏணியைப் பார்த்தபடி பின்பக்கமாகத்தான் இறங்குவார்களாம். ஊன்றுகோலை மச்சினனிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, கையில் பாரம் தாங்கி இறங்கினேன். நாற்பது வருஷம் ஊன்றி நடந்த தோள் இதற்குக்கூட உதவாதா! கீழ்த்தளத்தில் உத்தரம் தாழ்வு. ஆறடி மச்சினன் இரண்டு முறை முட்டிக்கொண்டான், எனக்கு ஒன்றுமில்லை.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையில் சமையல்காரர் வேலையைப் பெரும்பாலும் கால் கை இழந்த பழைய மாலுமிகளுக்கே கொடுத்தார்கள். 1797-ல் வலது கையை இழந்த நெல்சன்தான் 1805-ல் டிரஃபால்கரில் கடற்படையை நடத்தினார். என்னைப் போன்றவர்கள் கப்பலுக்குப் புதிதல்ல என்று நினைத்தபடி அந்தத் தேக்கைத் தொட்டுப் பார்த்தேன். நம் ஊர்க் கதவைத் தொட்டது போலவே இருந்தது.

வயதான அப்பா அம்மாவோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படி எத்தனை, கைப்பிடி உண்டா என்று முன்கூட்டியே போனில் விசாரித்துவிடுங்கள். ஏறலாமா வேண்டாமா என்ற முடிவை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.