விருந்தும் விடுதியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

காவிரியின் கிழக்குக் கரையில் பள்ளிபாளையமும் மேற்குக் கரையில் ஈரோடும் எதிரெதிரே அமைந்துள்ளன. வடக்கே பவானிக் கூடுதுறை, கிழக்கே திருச்செங்கோட்டு மலை, தெற்கே கொடுமுடி எனப் புகழ்பெற்ற திருத்தலங்கள் சூழ நடுவே கிடக்கும் ஊர் பள்ளிபாளையம். காண்பதற்கென்று இவ்வூருக்கு வருவோர் மிகச் சிலரே. கடந்து செல்வோரோ எண்ணிலர். தலத்திற்கு நடந்தவர்களும், சந்தைக்குத் துணிமூட்டை சுமந்தவர்களும், பரிசலுக்குக் காத்திருந்தவர்களும் இக்கரை மண்ணை மிதித்தே சென்றனர். பயணம், சுற்றுலா, விருந்தோம்பல் ஆகியவை இன்று பெருந்தொழில்களாக எண்ணப்படுகின்றன. கல்லூரிகளில் பாடங்களாகவும் உள்ளன. அவற்றின் அடிப்படைக் கருத்துகளை ஆராய்வதற்கு அரண்மனையும் அருவியும் உள்ள ஊரைவிட இத்தகைய வழியூரே பொருத்தமானது. ஏனெனில் விருந்தோம்பலின் தரம் தெரிவது, ஊரைப் பார்க்க வராமல் ஊர் வழியே செல்பவனை அவ்வூர் எவ்வாறு நடத்துகிறது என்பதில்தான்.

சொல்லில் அடங்கிய வரலாறு

தமிழில் 'விருந்து' என்னும் சொல்லின் முதற்பொருள் உணவன்று, புதுமை என்பதே. தொல்காப்பியர் செய்யுளின் வனப்பு எட்டனுள் ஒன்றாக 'விருந்து' என்பதனை வைத்தார். புதுவதாகப் புனையப்படும் யாப்பு அப்பெயர் பெற்றது. அச்சொல்லே வீட்டு வாயிலில் வந்து நிற்கும் புதியவரையும் குறித்தது. உறவினர் வருவது விருந்தன்று. முன்பின் அறியாதவர் வருவதே விருந்து. கவிதைக்கும் வழிப்போக்கனுக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி தமிழ் என்பது கவிஞர்கள் எண்ணி மகிழத்தக்கது.

இலத்தீன் மொழியில் 'ஹோஸ்பெஸ்' என்னும் சொல் விருந்து அளிப்பவரையும் விருந்தாக வருபவரையும் ஒருங்கே குறித்தது. ஓட்டல், ஆஸ்பத்திரி என இன்று தமிழர் நாவிலும் வழங்கும் சொற்கள் அவ்வேரிலிருந்து கிளைத்தவை. அதனோடு உறவுடைய 'ஹோஸ்திஸ்' என்னும் சொல்லோ முதலில் அயலானைக் குறித்து, பின்னர்ப் பகைவனைக் குறிப்பதாயிற்று. அறியாதவனை விருந்தாக ஏற்பதா, பகையாக ஒதுக்குவதா என்னும் வினா இவ்விரு சொற்களுக்கு இடையே நிற்கிறது. விருந்தோம்பலின் வரலாறு முழுவதும் இவ்வினாவிற்கு அவ்வக்காலத்து மக்கள் அளித்த விடைகளின் வரலாறே ஆகும்.

வீடு என்னும் முதல் விடுதி

திருவள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். அரசன் கடமையாகவோ வணிகன் தொழிலாகவோ அதனைக் கூறாமல், மனைவாழ்க்கையின் பயனாகவே கூறினார். பழந்தமிழர் வாழ்வில் வீடே விடுதி. இல்லத்தலைவியே விடுதியின் தலைவி.

இப்பழைய வழிநடையின் சான்றுகளாக நிற்பவை ஆற்றுப்படை நூல்கள். பத்துப்பாட்டினுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாகும். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனுக்குத் தான் சென்ற வழியைச் சொல்வது இவ்வகையின் அமைப்பு. எவ்வழியே செல்வது, எங்கே என்ன உணவு கிடைக்கும், வழியில் நேரும் இடர்கள் யாவை, சென்றடையும் இடத்தின் சிறப்பு யாது, அங்குப் பெறும் வரவேற்பு எத்தகையது என அனைத்தும் கூறப்படும். சிறுபாணாற்றுப்படை கடற்கரையில் மீனும், மருத நிலத்தில் சோறும் நண்டும் கிடைக்கும் என நிலந்தோறும் உணவு வேறுபடுவதைக் காட்டுகிறது. மலைபடுகடாம் வழுக்கும் இடங்களையும் பாம்புறையும் இடங்களையும் எச்சரிக்கிறது. இன்றைய வழிகாட்டி நூல் தரும் செய்திகள் அனைத்தும் அவற்றில் உள்ளன. ஒன்று மட்டும் இல்லை, அது கட்டணப் பட்டியல். மலைக்குறவரும் உழவரும் மீனவரும் தத்தம் உணவைப் பகிர்ந்தளிப்பதாகவே அப்பாடல்கள் பேசுகின்றன.

சாலையும் சத்திரமும்

பயணம் பெருகியபோது வீட்டின் அடுப்பு போதவில்லை. வழிப்போக்கருக்கு வசதி செய்வது அரசின் கடமையாயிற்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர், சோழ பாண்டியர் பெயர்களைக் கூறும் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மக்களுக்கும் விலங்குகளுக்கும் பயன்படுமாறு வழிகளில் கிணறு தோண்டியதையும் மரம் நட்டதையும் பொறித்தார். மதுரை நாயக்க அரசியான இராணி மங்கம்மாள் 1689 முதல் ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்திய காலத்தில் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். எளிய மக்களும் தம்மால் இயன்றதைச் செய்தனர். கருவுற்று இறந்த பெண்ணின் நினைவாக நடப்பட்ட சுமைதாங்கிக் கல், சுமையோடு நடப்பவன் பிறர் உதவியின்றி மூட்டையை இறக்கி ஏற்ற உதவியது. ஒரு குடும்பத்தின் துயரம் வழிப்போக்கனின் ஓய்வாக மாறிய அவ்வறத்திற்கு ஈடான சுற்றுலா வசதி எந்நாட்டில் உண்டு?

சத்திரங்களின் சொத்துகள் பெருகவே அவற்றைக் கண்காணிப்பது அரசின் வேலையாயிற்று. கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னை அரசு இயற்றிய 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம், கோயில்களோடு பாலங்களையும் சத்திரங்களையும் மேற்பார்வைக்கு உட்படுத்தியது. கோயிலும் பாலமும் சத்திரமும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றமை, வழிப்போக்கனுக்கு அக்காலச் சமூகம் அளித்த இடத்தைக் காட்டும்.

ஆயினும் சத்திரத்தின் கதவு அனைவருக்கும் ஒரே அளவாகத் திறக்கவில்லை. பல சத்திரங்களில் இலவச உணவு பிராமணருக்கு மட்டுமே உரியது. ஏனையோர்க்குச் சமைத்துண்ண இடம் கிடைத்தால் அதுவே பேறு. ஒடுக்கப்பட்டோர்க்குத் திண்ணையும் இல்லை, மரநிழலே சத்திரம். கொடையாளியின் மனம் விரிந்திருந்தது. அவன் கட்டிய கட்டடமோ சாதி வரிசையைக் கல்லில் எழுதியது.

காசியில் ஓர் ஈரோட்டுப் பயணி

இருப்புப்பாதை வந்ததும் பயணத்தின் இயல்பே மாறிற்று. இங்கிலாந்தில் தாமஸ் குக் 1841 சூலை 5ஆம் நாள், ஏறத்தாழ 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் லெஸ்டரிலிருந்து லஃபரோவிற்குத் தனி இரயிலில் அழைத்துச் சென்றார். பலருடைய பயணத்தை ஒருவர் திட்டமிட்டு, ஒரே கட்டணத்தில் விற்கும் இன்றைய சுற்றுலாத் தொழில் அங்கே கால்கொண்டது. அதன் பின் ஒரு தலைமுறைக்குள்ளாகவே, 1862இல், சென்னையையும் மேற்குக் கரையிலுள்ள பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை, சேலம் ஈரோடு வழியே காவிரியைக் கடந்தது. பள்ளிபாளையத்துக் கரையில் உள்ள இரயில் நிலையத்திற்குக் 'காவிரி' என்றே பெயர். மாட்டுவண்டியில் மாதக் கணக்கில் சென்ற காசிப் பயணம் நாட்கணக்கில் முடியும் நிலை பிறந்தது.

அவ்வாறு காசிக்குச் சென்றவருள் ஒருவர் எதிர்க்கரை ஈரோட்டைச் சேர்ந்த, செல்வ வணிகர் குடும்பத்தில் 1879இல் பிறந்த ஈ.வெ. இராமசாமி. பின்னாளில் பெரியார் எனப்பட்டவர். 1904ஆம் ஆண்டு காசியில் பசியோடு ஒரு சத்திரத்தை அடைந்தபோது, அங்குப் பிராமணருக்கு மட்டுமே உணவு என்று கூறி வாயிலிலேயே தள்ளப்பட்டார். தெருவில் எறியப்பட்ட எச்சில் இலைகளில் இருந்ததை உண்டு பசியாறினார் என அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறும். அச்சத்திரமோ தென்னாட்டுப் பிராமணரல்லாத வணிகர் ஒருவருடைய பொருளால் கட்டப்பட்டது என்பதை அவர் அங்கேயே அறிந்தார். இரயில் அவரை உயர்வு தாழ்வு பாராது காசி வரை கொண்டு சேர்த்தது; அறம் அவரை வாயிலில் நிறுத்தியது. தமிழ்நாட்டின் சமூக வரலாற்றில் ஆழ்ந்த விளைவுகளை உண்டாக்கிய இந்நிகழ்ச்சி, ஒரு பயணிக்கு விருந்து மறுக்கப்பட்ட நிகழ்ச்சியே.

காசோடு வந்தது பணம் கொடுத்து உண்ணும் சாப்பாட்டுக் கடை. காசு கொடுப்பவன் எவனாயினும் சோறு கிடைக்க வேண்டும் என்பது வணிக நியாயம். ஆனால் சாதி அந்நியாயத்தையும் எளிதில் அனுமதிக்கவில்லை. தென்னிந்திய இருப்புப்பாதை நிலையங்களின் உணவகங்களில் பிராமணர்க்கும் ஏனையோர்க்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவிப் போராட்டங்களின் பயனாக 1941இல்தான் கைவிடப்பட்டது. இதற்கிடையே திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி 1925இல் நிறுவிய காந்தி ஆசிரமத்தில் சாதி பாராது ஒரே பந்தியில் உண்ணும் முறை நடைமுறைக்கு வந்தது. ஆற்றின் இருகரைகளிலும் இருவேறு நெறியினர் ஒரே பந்தியை நோக்கி நடந்தனர்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள், கிணறுகள், குளங்கள், நீராடும் துறைகள், சாலைகள் ஆகியவற்றில் சமயம், சாதி, பாலினம், பிறப்பிடம் முதலியன காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அவ்வாறு தடுப்பதைத் தண்டனைக்கு உரியதாக்கியது. இவ்விரண்டும் சமூக நீதியின் சட்டங்கள் என்றே பேசப்படுகின்றன. அவை விருந்தோம்பல் சட்டங்களும் ஆகும். சட்டம் வந்த பின்னும் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை நீடித்தது, கதவைத் திறப்பதும் மனத்தைத் திறப்பதும் வேறு வேறு என்பதை உணர்த்தியது.

தொழிலின் இலக்கணம்

இத்தொழிலின் இலக்கணம் உருப்பெற்றதும் இருபதாம் நூற்றாண்டுப் போக்கில்தான். 1963இல் உரோமில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு, தான் வாழும் நாடு விட்டு வேறு நாட்டிற்கு ஊதியம் ஈட்டும் நோக்கமின்றி வருபவரை வருகையாளர் என்றது. அவருள் 24 மணி நேரமேனும் தங்குபவர் சுற்றுலாப் பயணி. அதற்குள் திரும்புபவர் ஒருநாள் பயணி. இந்திய அரசு 1966இல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தையும், தமிழக அரசு 1971இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தையும் ஏற்படுத்தின.

இத்தொழிலின் சரக்கு தனித்தன்மை உடையது. பள்ளிபாளையத்துத் தறியில் நெய்த துணி இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். விடுதியில் இன்றிரவு வெறுமையாகக் கிடந்த அறையை நாளை விற்க இயலாது. துணியை நெய்தவரைக் காணாமலே வாங்கலாம். விருந்தோம்பலிலோ பரிமாறும் கையும் பேசும் முகமும் சரக்கின் பகுதியே. அதனால்தான் கூரை எவ்வளவு உயர்ந்தாலும், முகம் சுளித்த வரவேற்பு அவ்விடுதியைத் தாழ்த்திவிடுகிறது.

உரோம் மாநாட்டின் இலக்கணத்தை உள்நாட்டுப் பயணத்திற்கும் விரித்து, இவ்வூரில் வைத்துப் பார்த்தால் ஒரு குறை புலப்படும். ஆடிப் பதினெட்டில் காவிரியில் நீராடி மாலையில் ஊர் திரும்புபவர் ஒருநாள் பயணி; வைகாசித் தேர் காணத் திருச்செங்கோட்டில் இரவு தங்குபவர் சுற்றுலாப் பயணி. இவர்களுக்குப் பெயர் உண்டு. விசைத்தறிக் கூடங்களிலும் ஆலைகளிலும் உழைப்பதற்கென்று வடமாநிலங்களிலிருந்து மொழி அறியாமல் வந்திறங்கும் இளைஞனோ ஊதியத்திற்காக வந்தவன். ஆகவே அவ்விலக்கணத்தில் அவனுக்கு இடமில்லை. ஆனால் தமிழ்ச் சொல்லின்படி அவனே விருந்து, அவனே புதியவன்.

இவ்வூரின் பெயரே ஒரு பயணி. கோழிக்கறியோடு காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் சேர்த்து, மசாலாப் பொடிகளை நாடாமல் வதக்கி எடுக்கும் எளிய உணவு 'பள்ளிபாளையம் சிக்கன்' என்னும் பெயரோடு தமிழகத்தின் பல நகரங்களின் உணவகப் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளது. இவ்வூரைக் காணாதவரும் இவ்வூரின் பெயரைச் சொல்லி உண்கின்றனர். அயலூர்கள் இவ்வூரின் பெயருக்கு இலைபோட்டு இடம் தந்துள்ளன. அயலூரிலிருந்து வருபவனுக்கு இவ்வூர் அவ்வாறே இடம் தருவது கைம்மாறாகும்.

வீடு, சத்திரம், விடுதி என விருந்தோம்பல் மூன்று படிகளைக் கடந்து வந்துள்ளது. வீட்டில் அன்பு இருந்தது. ஆனால் அதன் அடுப்பு சிறியது. சத்திரத்தில் கொடை இருந்தது. ஆனால் அதன் வாயில் ஆள் பார்த்துத் திறந்தது. விடுதி, சட்டத்தின் துணையோடு அனைவர்க்கும் திறந்தது. ஆனால் பணமில்லாதவன் அதன் வெளியே நிற்கிறான். வீட்டின் அன்பும் சத்திரத்தின் கொடையும் விடுதியின் பொதுமையும் ஒருங்கே அமைந்த நான்காம் படி ஒன்று இனிதான் கட்டப்பட வேண்டும். அன்று பரிசில் பெற்று மீண்ட கலைஞன், எதிர்வந்த ஏழைக் கலைஞனுக்கு வழி சொல்லாமல் கடந்து போகவில்லை. அவன் வழிவந்த கவிஞர்களுக்கு அப்பணி இன்றும் உரியது. காவிரி நிலையத்தில் இன்றிரவு இறங்கும் புதியவனுக்கு, அவன் அறிந்த மொழியில் ஒரு சொல்லும், அவன் பசிக்கு ஓர் இலையும் காத்திருக்குமாயின், இவ்வூர் விருந்து என்னும் சொல்லுக்கு உரிய பொருளை மீண்டும் பெற்றுவிடும்.