ஸாஷிகி வராஷி

ஸாஷிகி வராஷி என்பது ஜப்பானின் வடகிழக்கில், குறிப்பாக இவாதே மாகாணத்தின் பழைய பண்ணைவீடுகளில் குடியிருப்பதாக மக்கள் நம்பிவந்த குழந்தை உருவ ஆவி. ‘ஸாஷிகி’ என்றால் கோரைப்பாய் பதித்த விருந்தினர் கூடம். ‘வராஷி’ என்பது அந்த வட்டார வழக்கில் குழந்தை. ஐந்தாறு வயதிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை எதுவாகவும் இருக்கும். சில வீடுகளில் ஆண், சில வீடுகளில் பெண். அது செய்வதெல்லாம் குறும்புதான். ஆளில்லாத அறையில் யாரோ விளக்குமாற்றால் பெருக்குகிற சத்தம் கேட்கும். கூடத்தில் படுத்த விருந்தாளி காலையில் எழுந்து பார்த்தால் தலையணை இடம் மாறிக் கிடக்கும்; சிலரை இரவு முழுக்க மேலே ஏறி அழுத்தித் தூங்கவிடாது. இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் அதை வீட்டை விட்டு ஓட்ட யாரும் நினைப்பதில்லை. சில வீடுகளில் அதற்கென்றே சிவப்புப் பயறு கலந்த சோறு படைத்தார்கள். அது இருக்கும்வரை வீடு செழிக்கும், போய்விட்டால் குடி நொடித்துப்போகும் என்பது நம்பிக்கை. ஆகவே இதைப் பேய்க்கதைகளோடு சேர்த்து அடுக்கிவிடக் கூடாது. ஒரு வீட்டுக்குச் செல்வம் ஏன் வந்தது, ஏன் போனது என்று கிராமம் எழுதிவைத்த கணக்கு இது. அந்தக் கணக்கில் குறும்பு வரவுப் பக்கத்தில் நிற்கிறது.

இந்த நம்பிக்கை அச்சில் ஏறி நாடறிந்தது 1910இல். அப்போது அரசு அதிகாரியாக இருந்த யானாகிதா குனியோ, இவாதேயின் தோனோ பகுதியிலிருந்து தோக்கியோவுக்கு வந்திருந்த சசாகி கிசென் என்ற இளைஞர் சொல்லக் கேட்ட 119 செய்திகளை ‘தோனோ மோனோகாதாரி’ என்ற நூலாக்கி, 350 பிரதிகள் மட்டும் சொந்தச் செலவில் அச்சிட்டார். பிற்காலத்தில் ஜப்பானிய நாட்டாரியலின் தொடக்க நூலாக அது கருதப்பட்டது. அதன் 17, 18ஆம் செய்திகள் ஸாஷிகி வராஷியைப் பற்றியவை. 17ஆம் செய்தியில் வருகிற வீடுகளில் ஒன்று சுச்சிபுச்சி கிராமத்தில் இருந்த சசாகியின் சொந்த வீடு. அவருடைய தாய் தனியாக உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த அறையில் காகிதம் சரசரக்கிற சத்தம். அது வீட்டுத் தலைவரின் அறை. அவர் அப்போது தோக்கியோவில் இருக்கிறார். பலகைக் கதவைத் திறந்து பார்த்தால் யாரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், மறுபடியும் மறுபடியும். சளி பிடித்த குழந்தையின் சத்தம்தான் அது. அந்தத் தாய் அலறவில்லை. இது நம் வீட்டு ஸாஷிகி வராஷி என்று புரிந்துகொண்டார். இத்தனை கதைகளில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த மூக்குறிஞ்சல்தான். அச்சுறுத்துவதற்காகக் கட்டிய கதையில் இப்படி ஒரு சத்தம் வந்து சேராது.

18ஆம் செய்தி இதற்கு நேர் எதிர்ப்புறம் நிற்கிறது. யாமாகுச்சி என்ற ஊரில் மாகோசாயெமோன் என்ற பெருந்தனக்காரர் வீடு. அங்கே இரண்டு பெண் குழந்தைகள் ஆவியாக இருப்பதாக வெகுகாலமாகப் பேச்சு. ஒருநாள் பட்டணம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஊர்க்காரர் ஒருவர், பாலத்தருகே முன்பின் பார்த்திராத இரண்டு சிறுமிகள் கவலையோடு நடந்து வருவதைப் பார்க்கிறார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு மாகோசாயெமோன் வீட்டிலிருந்து என்கிறார்கள். எங்கே போகிறீர்கள் என்றதற்கு வேறோர் ஊரில் ஒரு குடியானவர் வீட்டைச் சொல்கிறார்கள். அந்த வீட்டின் காலம் முடிந்தது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெகுநாள் ஆகவில்லை; நடந்ததை அடுத்த, 19ஆம் செய்தி விவரிக்கிறது. மாகோசாயெமோன் வீட்டுப் பேரிக்காய் மரத்தைச் சுற்றிப் பழக்கமில்லாத காளான்கள் முளைத்தன. வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். எந்தக் காளானையும் தண்ணீரில் போட்டு நார்ச்செடித் தண்டால் கிளறினால் நஞ்சு போய்விடும் என்று ஒரு வேலையாள் சொன்னதைக் கேட்டு எல்லோரும் சாப்பிட்டார்கள். எஜமானும் வேலையாட்களுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் செத்துப்போனார்கள். வெளியே விளையாட்டு மும்முரத்தில் மதியச் சாப்பாட்டை மறந்திருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் பிழைத்தாள். கடன் பாக்கி உண்டு, வாக்குக் கொடுத்திருந்தார் என்று சொல்லிக்கொண்டு உறவினர்கள் வந்து சாமான்களையெல்லாம், சமையலுக்கு வைத்திருந்த மிசோ வரைக்கும், அள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்த இரண்டு வீடுகளின் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வீட்டில் இருக்கும்போது ஆவி பெரும்பாலும் காதுக்குத்தான் எட்டுகிறது; வீட்டை விட்டுப் போகும்போது கண்ணுக்குத் தெரிகிறது, அதுவும் வெளியாள் கண்ணுக்கு. பிறந்தது முதல் அதோடு வாழ்ந்தவர்களுக்குக் கிடைப்பது சரசரப்பும் மூக்குறிஞ்சலும். முழு உருவத்தைப் பார்ப்பதும், அதன் வாயாலேயே சேதி கேட்பதும் வழிப்போக்கனுக்கு வாய்க்கிறது. 17ஆம் செய்தியிலேயே இன்னொரு வீட்டுப் பெண் தன் வீட்டு நடையில் அதை எதிரே கண்டதாக வருகிறது என்பதால், இதைச் சட்டமாகச் சொல்ல முடியாது. ஆனால் விலகிப்போகும் கதைகளில் இந்த அமைப்பு உறுதியாக நிற்கிறது. இவாதேயிலேயே பிறந்து வளர்ந்த மியாசாவா கெஞ்ஜி 1926இல் வெளியிட்ட ஸாஷிகி வராஷிக் கதையின் கடைசிப் பகுதியிலும் இதுதான். நிலவொளியில் ஆற்றைக் கடக்க வருகிற ஒரு சிறுவனிடம் ஓடக்காரன் பேச்சுக் கொடுக்கிறான். இருந்த வீடு சலித்துவிட்டது, வேறு வீட்டுக்குப் போகிறேன் என்கிறான் சிறுவன். முதல் வீடு கெட்டது, இரண்டாவது வீடு வாழ்ந்தது. ஒன்றில் பாலம், மற்றதில் ஓடம். இரண்டிலும் ஆவி தண்ணீரைத் தாண்டும் இடத்தில், அந்த வீட்டோடு சம்பந்தமில்லாத ஒருவனிடம் பிடிபடுகிறது. அப்படியானால் இந்தக் கதை வீட்டுக்காரர்களுக்கு மட்டும் சொந்தமானதாக இருக்க முடியாது. ஊரார் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஏன் பார்த்தார்கள் என்பதற்கு விடை அந்த நிலத்தில் இருக்கிறது. கோடையில் வடகிழக்கிலிருந்து ‘யமாசே’ என்ற குளிர்காற்று வீசினால் நெல் பால்பிடிக்காது. ஹோரெகி, தென்மெய், தென்போ என்ற காலகட்டங்களில் பஞ்சங்கள் அந்தப் பகுதியை அடுத்தடுத்து வாட்டின. ஹோரெகிப் பஞ்சத்தில் மாண்டவர்களுக்காக தோனோவில் ஒரு துறவி பாறைகளில் செதுக்கிய அருகதர் உருவங்கள் இன்றும் பாசிபடிந்து கிடக்கின்றன. மெய்ஜி அரசு 1873இல் நிலவரியைப் பணமாகக் கட்டச் சொன்னது. 1880களின் தொடக்கத்தில் விளைபொருள் விலை விழுந்தபோது ஏராளமான குடியானவர்கள் நிலத்தை இழந்தார்கள். இழந்தவர் நிலம் இன்னொருவர் கைக்குப் போயிற்று. உழைப்பும் சிக்கனமும் இரு வீட்டிலும் ஒன்றாக இருக்க, ஒன்று வாழ்வதும் ஒன்று கெடுவதும் எதனால் என்ற கேள்வி அங்கே வெறும் தத்துவக் கேள்வியாக இருந்திருக்காது. ஆவியின் பெயரும் இதற்குச் சான்று. மனிதரும் குதிரையும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த தோனோ வீடுகளில், பாய் பதித்த தனிக் கூடம் வசதியுள்ளவர்களுக்கே உரியது. கூடமில்லாத ஏழை வீட்டில் கூடத்துக் குழந்தைக்கு இடமேது? ஐரோப்பாவின் வீட்டு ஆவிகளில் பல, கொட்டிலைப் பார்த்துக்கொள்ளும், கூழுக்காக இரவில் வேலை செய்யும். ஸாஷிகி வராஷி ஒரு துரும்பையும் கிள்ளிப் போடுவதில்லை. செல்வத்தை அது சம்பாதித்துத் தருவதில்லை. அது இருக்கிறது, அதனால் செல்வமும் இருக்கிறது. எவர் உழைப்புக்கும் கட்டுப்படாத செழிப்புக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் கிடைப்பது அரிது.

இந்த விளக்கத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான கருத்து, சிசுக்கொலையிலிருந்து வருகிறது. பஞ்ச காலத்தில் வளர்க்க வழியில்லாத பச்சைக் குழந்தைகளைக் கொல்வது அந்தப் பகுதியில் நடந்தது. நாற்று கலைப்பதைக் குறிக்கும் ‘மபிகி’ என்ற சொல்லால் அதைச் சொன்னார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளை மயானத்துக்குக் கொண்டுபோகாமல் வீட்டு மண்தரையில், அடுக்களைப் பக்கம் புதைத்தார்கள் என்றும், அவைதான் ஆவிகளாயின என்றும் சொல்வதுண்டு. 1920இல் ஸாஷிகி வராஷிக்கென்றே தனி நூல் வெளியிட்ட சசாகியும் மண்தரையிலிருந்து தவழ்ந்து வருவது, உரல் இடிக்கும் சத்தம் எழுப்புவது எனக் கீழ்நிலை உருவங்களைப் பதிந்திருக்கிறார். இதைத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. அந்த வீடுகளில் குழந்தை உருவம் ஏன் நடமாடியது என்பதற்கு இந்தத் துயரத்தைவிட நேரான காரணம் இல்லை. ஆனால் கொல்லப்பட்ட குழந்தை ஏன் அந்த வீட்டுக்கே செல்வம் தர வேண்டும், ஏன் ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு அயலூருக்குப் போக வேண்டும் என்பதற்கு அதில் விடை இல்லை. அதோடு, அந்தத் தாழ்ந்த உருவங்கள் மண்தரையைச் சேர்ந்தவை. கூடத்துக்கு உரியதாகச் சொல்லப்பட்டது ‘சோபிராகோ’ என்ற வெளுத்த, அழகான குழந்தை. வீட்டுக்குள் இருந்த மேல்கீழ் ஆவிகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது. உருவத்தைத் துயரம் தந்தது. அதற்கு வேலை கொடுத்தது செல்வத்தைப் பற்றிய கவலை.

இரவில் மேலே ஏறி அழுத்துவது உறக்கத்தில் உடல் அசைய முடியாமல்போகும் நிலை என்று மருத்துவம் சொல்லும். அழுத்தத்துக்கு அது போதும். பாலத்தில் நின்று பதில் சொன்ன சிறுமிகளுக்குப் போதாது. வீடு கெட்ட பிறகு ஊரார் பொருத்திச் சொல்லும் கதைதானே என்ற கேள்வியும் உண்டு. ஆம், பொருத்திச் சொன்னதுதான். கணக்கு என்பது எப்போதும் நடந்து முடிந்த பிறகு எழுதப்படுவது. மானிடவியலாளர் கொமாத்சு கசுஹிகோ, திடீர்ச் செல்வத்துக்குக் காரணம் சொல்லும் பிற ஜப்பானிய நம்பிக்கைகளோடு இதையும் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார். மேற்கு ஜப்பானில் நரியை வளர்த்துப் பணம் சேர்த்ததாகச் சந்தேகிக்கப்பட்ட குடும்பங்களோடு கொள்வினை கொடுப்பினையே வைத்துக்கொள்ளாத ஊர்கள் இருந்தன. ஸாஷிகி வராஷி உள்ள வீட்டை அப்படி ஒதுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நரி வீடு களவாடிச் சேர்த்ததாகப் பழி சுமந்தது. குழந்தை உள்ள வீடு கொடுத்துவைத்ததாகப் பேர் பெற்றது. மாகோசாயெமோன் தன் செல்வம் பெருக நரித்தெய்வத்துக்குக் கோயில் கட்டி, கியோத்தோ வரை போய் அதற்குப் பட்டம் வாங்கி வந்தார் என்றும் ‘தோனோ மோனோகாதாரி’யிலேயே வருகிறது. தானாக வந்த குழந்தை வீட்டில் இருக்க, தேடிப் போய் நரியைக் கும்பிட்டவர் அவர்.

என் விளக்கத்துக்குள் அடங்காத சான்றும் உண்டு. 1910 கோடையில், ஏறக்குறைய அந்த நூல் வெளிவந்த அதே நாட்களில், சுச்சிபுச்சி ஊர்ப் பள்ளியில் ஒரு ஸாஷிகி வராஷி பிள்ளைகளோடு விளையாடியதாகப் பேச்சு எழுந்தது. முதல் வகுப்புக் குழந்தைகள் கண்ணுக்குத்தான் தெரிந்தது. அதோ, இதோ என்று அவர்கள் காட்டியும் ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கு வாழ்வும் தாழ்வும் ஏது? மியாசாவாவின் கதையில் பத்துக் குழந்தைகள் வட்டமாக விளையாடும்போது பதினோராவது குழந்தை சேர்ந்துவிடுகிறது. ஒரு முகமும் புதிதில்லை, ஒரே முகம் இரண்டு முறையும் இல்லை, ஆனால் எண்ணினால் பதினொன்று. இந்தப் பக்கத்துக்குச் செல்வக் கணக்கால் விளக்கம் சொல்ல முடியாது. குழந்தைகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட குழந்தை அது.

இக்காலத்தில் இவாதேயின் வடக்கே, நினோஹே நகரின் கிந்தாய்ச்சி வெந்நீரூற்று ஊரில் உள்ள ர்யோகுஃபூசோ என்ற விடுதிதான் இந்த நம்பிக்கைக்குப் பெயர்போன இடம். தங்க வருகிறவர்கள் பொம்மைகளையும் விளையாட்டுச் சாமான்களையும் கொண்டுவந்து அறையில் வைத்தார்கள். 2009 அக்டோபரில் அது எரிந்துபோய், 2016இல் மறுபடி கட்டித் திறக்கப்பட்டது. ஓர் இரவு தங்கிச் சத்தம் கேட்டால் அதிர்ஷ்டம் தங்களோடு வரும் என்று நம்பி வருகிறார்கள். முன்பு குடும்பத்துக்கு உரியதாக இருந்தது இன்று தனியாள் ஒருவருடையதாகிவிட்டது; கெடுவதற்கு வீடு இல்லை, பாலத்தில் நின்று பார்க்க அண்டைவீட்டாரும் இல்லை.

ஊராரின் பொறாமைதான் இந்தக் கதைகளை வளர்த்தது என்று சொல்வோர் சசாகியின் வாழ்க்கையை எண்ணிப் பார்க்க வேண்டும். கதை சொன்னவரே அந்த ஆவி இருந்த வீட்டின் பிள்ளை. 1925இல் சுச்சிபுச்சி ஊர்த்தலைவரானார். 1929இல் பதவி விலகினார். கடன் முற்றிச் சொந்த ஊரில் இருக்க முடியாமல் செந்தாய் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அந்த நாட்களிலும் கதை சேகரிப்பதை விடவில்லை. 1932இல் ஹனமாகிக்குப் போய், நோயில் கிடந்த மியாசாவாவைப் பார்த்துப் பேசினார். 1933 செப்டம்பர் 21இல் மியாசாவா இறந்தார். எட்டு நாள் கழித்து, 29ஆம் தேதி, சசாகியும் செந்தாயில் வறுமையில் கண்மூடினார். அவர் தாய் தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் மூக்கை உறிஞ்சிய குழந்தை அந்த வீட்டை விட்டு எந்தப் பாலம் வழியாகப் போயிற்று என்று சொல்ல எந்த ஊர்க்காரரும் முன்வந்ததாக அவர் நூல்களில் இல்லை.