ஆட்டிசம் உள்ள கல்லூரி மாணவர்களும் தேர்வுச் சலுகைச் சான்றிதழும்

ஆட்டிசம் உள்ள மாணவர் ஒருவர் கல்லூரித் தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ கேட்டால், முதலில் அவரிடம் கேட்கப்படுவது மருத்துவச் சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்கான வழி இந்தியாவில் மிகத் தாமதமாகவே திறந்தது.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், அதன் அக்கறை பாதுகாவலர் நியமனத்திலும் பராமரிப்பிலுமே இருந்தது. கல்லூரிக்குப் போகும் ஆட்டிச மாணவரை அச்சட்டம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளோருக்கு உயர்கல்வியில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடஒதுக்கீடும் அளித்தது.

விழுக்காட்டைக் கணக்கிட உதவுவது இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். இதில் 40 கூறுகள் உள்ளன. மொத்த மதிப்பெண் 40 முதல் 200 வரை. 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். நன்றாகப் பேசி, பள்ளியை முடித்துவிட்ட இளைஞருக்கு இந்த எல்லை சிக்கலானது.

பல்லாவரத்து மாணவருக்கு அலுவலகமும் மாறியது. 2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானதால், அதுவரை காஞ்சிபுரத்தில் இருந்த மாவட்ட நிர்வாகம் அங்கே போனது.

பெரிய தடை வேறொரு தாளில் இருந்தது. 2018 ஆகஸ்ட் 29இல் வெளியான மத்திய அரசின் தேர்வு நெறிமுறைகள் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தந்தன. ஆனால் பார்வைக் குறைபாடு, இரு கைகளின் பாதிப்பு, பெருமூளை வாதம் தவிர்த்த பிறர் சொல்வதை எழுதுபவரைக் கேட்டால், 'எழுதுவதற்கு உடல்ரீதியான தடை உண்டு' என அரசு மருத்துவ அதிகாரி சான்றளிக்க வேண்டியிருந்தது. ஆட்டிசம் உள்ளவருக்குக் கையில் குறை இல்லாமலிருக்கலாம். இரைச்சலும், திடீரென மாறும் அறையும், இருபொருள்படும் வினாவுமே அவரைத் தடுக்கும். அதைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடமிருக்கவில்லை.

2021 பிப்ரவரி 11இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 விழுக்காடு என்பது இடஒதுக்கீட்டுக்கான எல்லை, தேர்வு வசதிக்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது என்றது. மனுதாரருக்கு ஆட்டிசம் இல்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் வந்த நெறிமுறைகள் 40 விழுக்காட்டுக்குக் குறைந்தோரையும் சேர்த்தன. அங்கும் நிபந்தனை 'எழுதுவதில் சிரமம்' என்பதாகவே இருந்தது.

அமெரிக்காவில் உயர்கல்வி மாற்றுத்திறனாளர் சேவையாளர்களின் சங்கமான அஹெட், 2012இலேயே மாணவரின் சொந்த விவரிப்பை முதன்மைச் சான்றாகக் கொள்ளலாம் என்று வழிகாட்டியது. இந்தியச் சட்டத்தின் 16ஆம் பிரிவும், அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் தனிநபரின் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்ய வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவில் விழுக்காடு எதுவும் குறிப்பிடப்படவில்லை.