நிலையை அளத்தல்

கிளிநொச்சியில் உள்ள எமது வீட்டின் நடு அறைக் கதவு கறையானுக்கு இரையாகிவிட்டது. புதிய கதவுக்கு அளவெடுக்க ஓடாவியார் ஒருவரை அழைத்திருந்தேன். தந்தையிடம் தொழில் பயின்ற இளைஞர். பழைய கதவை அளந்துகொண்டு போனால் வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம். அவரோ கதவின் பக்கமே போகவில்லை. அளவு நாடாவை நிலைக்குள் நீட்டி, மேலே, நடுவே, கீழே என மூன்றிடங்களில் அகலத்தைக் குறித்தார். பின்னர் இருபுறமும் உயரத்தை எடுத்தார். கடைசியாக மூலைக்கு மூலை நாடாவைப் பிடித்தார்.

"கதவை அளக்கவில்லையா தம்பி?" என்றேன்.

"கதவை அளந்து கதவு செய்யக்கூடாது ஐயா. நிலையைத்தான் அளக்கவேணும். இது இந்த நிலைக்குச் செய்த கதவுமில்லை."

அது எனக்குத் தெரிந்ததே. 2010இல் மீளக்குடியேறியபோது பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் நான் வாங்கிய கதவு அது. ஆனால் அடுத்து அவர் காட்டியதை நான் இத்தனை காலமும் கவனித்ததில்லை. கதவின் ஓரத்தில் பூச்சைச் சுரண்டினார். பிணைச்சல் பதிப்பதற்காக வெட்டிய குழிகள் மூன்று சோடி இருந்தன. ஒரு சோடியில் எமது பிணைச்சல்கள். மற்ற இரண்டு சோடியும் மரத்துண்டு வைத்து அடைக்கப்பட்டிருந்தன. அதாவது, எம்மிடம் வருமுன் அக்கதவு குறைந்தது இரண்டு நிலைகளில் தொங்கியிருக்கிறது.

வன்னியின் அண்மைக்கால வரலாற்றை எழுத விரும்புவோர் ஆவணக் காப்பகங்களுக்குச் செல்வர். செல்லட்டும். ஆனால் இங்குள்ள வீடுகளின் நிலைகளையும் கதவுகளையும் ஒருமுறை அளந்து பார்ப்பது நன்று. வீட்டின் உறுப்புகளில் இடம்பெயரக்கூடியவை கூரையும் யன்னலும் கதவுமே. சுவரும் நிலையும் நின்ற இடத்திலேயே நிற்பவை. ஒன்றோடொன்று பொருந்தாத கதவும் நிலையும் ஓர் இடப்பெயர்வின் பதிவாகும்.

முன்னாளில் வன்னிக் குடியானவரின் வீட்டுக்கு உள்ளறைக் கதவு என்பது அரிது. மண்சுவர், கிடுகு அல்லது வைக்கோற் கூரை, வாயிலில் ஒரு தட்டி. குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்களும், 1958, 1977 கலவரங்களின் பின் தென்பகுதியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து சேர்ந்தவர்களும் பெரும்பாலும் அவ்வாறே தொடங்கினர். நெல்லில் நாலு காசு கண்ட பின்னரே கல்வீடு எழுந்தது. கல்வீட்டிலும் முதலில் வாசற் கதவு. உள்ளறைக் கதவு கடைசியாக வரும். மகள் பருவமடையும்போதோ, மகனுக்குப் பெண் எடுக்கும்போதோதான் ஓடாவியார் அழைக்கப்படுவார். ஆகவே உள்ளறைக் கதவு ஒரு குடும்பம் நிலைபெற்றுவிட்டது என்பதன் அடையாளம்.

1990களின் பொருளாதாரத் தடையில் சீமெந்தும் இரும்பும் வன்னிக்குள் வரவில்லை. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்த மக்களிற் பெருந்தொகையினர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து இங்கு வந்தனர். மரநிழல்களில் கொட்டில்கள் எழுந்தன. சேலையே சுவர், சேலையே கதவு. 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. 1998 செப்ரெம்பரில் புலிகள் அதனை மீளக் கைப்பற்றினர். அதன்பின் நகருக்குள் சென்றபோது நான் கண்டவை கூரையற்ற சுவர்கள். அவற்றிற் பலவற்றில் கதவு மட்டுமன்றி நிலையும் பெயர்க்கப்பட்டிருந்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாயிற்று. ஏ-9 வீதி திறந்தது. சீமெந்தும் ஓடும் ஆணியும் வந்தன. மர ஆலைகள் ஓய்வின்றி ஓடிய காலம் அது. எமது வீட்டின் பாலைமர நிலையும் முதிரைக் கதவும் 2003இல் செய்யப்பட்டவை. 2006 ஓகஸ்ட்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது.

2008இல் மன்னார்ப் புறத்திலிருந்து போர் கிழக்கு நோக்கி நகர்ந்தபோது, மல்லாவி, துணுக்காய்ப் பகுதி மக்கள் உழவியந்திரங்களில் வந்து இறங்கினர். அவற்றில் நெல்மூட்டைக்கு மேலே ஓடுகளும், ஓடுகளுக்கு மேலே கதவுகளும் இருந்தன. கதவைக் கொண்டு செல்வது பேராசை அன்று. ஒரு கதவு இருந்தால் நான்கு தடிகளை நட்டு ஒரு மறைவு அமைத்துவிடலாம். நிலத்தில் இட்டால் கட்டில். பதுங்குகுழியின் மேல் இட்டு மண் போட்டால் கூரை. நாங்களும் சில மாதங்களின் பின் எமது முதிரைக் கதவைக் கழற்றி ஏற்றினோம். தருமபுரம், விசுவமடு வரை அது வந்தது. புதுக்குடியிருப்பில் அதனை விட்டோம். அங்கிருந்து அப்பால் கதவுகள் போகவில்லை. மனிதர்களே போவது அரிதாயிற்று.

2009 மேயில் போர் முடிந்தது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களில் உள்ளறை என்ற ஒன்று இல்லை. உடை மாற்றுவதற்கு ஒரு பெண் மற்றொரு பெண்ணைச் சேலை பிடிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அம்முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்தான். உள்ளறைக் கதவை ஓர் அலங்காரப் பொருளாக எண்ணுவோர் இதனை நினைத்துக்கொள்ளவேண்டும்.

2010இல் திரும்பியபோது எமது நிலை நின்றது. கூரையின்றி இரண்டு மாரிகள் நனைந்திருந்தது. அறைந்த பிணைச்சல்களின் துருக்கறை மட்டும் மிஞ்சியிருந்தது. அப்போது அளவெடுக்கும் பொறுமை எவருக்கும் இல்லை. கிடைத்த கதவை வாங்கினோம். அகலம் போதவில்லை, ஒன்றரை அங்குலச் சட்டம் ஒன்றைப் பூட்டுப் பக்கத்தில் அறைந்து ஒப்பேற்றினோம். கறையான் முதலில் பிடித்தது அச்சட்டத்தைத்தான்.

இந்திய அரசு 2010இல் அறிவித்த 50,000 வீட்டுத் திட்டம் இங்கு பரவலாக நிறைவேறியது. புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபாவும், திருத்தத்துக்கு 2,50,000 ரூபாவும் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டன. பயனாளிகளே தம் வீட்டைக் கட்டும் முறை அது. அம்முறையின் நன்மை பெரிது. ஆயினும் பொருள்களின் விலையும் கூலியும் ஏற ஏறப் பணம் வாசற் கதவோடு நின்றுவிட்ட வீடுகள் பல. பால்காய்ச்சிப் பல ஆண்டுகளாகியும் உள்ளறை வாயிலில் சேலை தொங்கும் வீடுகளில் நான் தேநீர் அருந்தியிருக்கிறேன்.

அதன் பின்னர் 65,000 உருக்கு வீடுகளின் கதை வந்தது. ஆர்சலர் மித்தல் நிறுவனத்தின் பொருத்து வீடுகள், ஒவ்வொன்றும் 20 இலட்சம் ரூபாவுக்கு மேல். 2016இல் மாதிரி வீடுகளும் காட்டப்பட்டன. வெப்பம், நீடித்துழைப்பு, பின்னாளில் ஓர் அறையை நீட்டிக் கட்ட இயலாமை, உள்ளூர்க் கொத்தனுக்கும் ஓடாவிக்கும் வேலையின்மை எனப் பல ஆட்சேபங்கள் எழுந்தன. திட்டம் அவ்வடிவில் நிறைவேறவில்லை. அன்று நான் அதனைச் செலவுக் கணக்காகவே பார்த்தேன். இன்று ஓடாவியார் சொன்ன ஒரு வாக்கியத்தில் அந்த விவாதம் முழுவதும் அடங்கிவிடுகிறது. அது கதவை அளந்து கதவு செய்த திட்டம். நிலையை எவரும் அளக்கவில்லை.

எமது நிலையின் கணக்கு இது. அகலம் மேலே 31⅜, நடுவில் 31¼, கீழே 31 அங்குலம். நனைந்து காய்ந்த காலும், பின்னர் இட்ட சீமெந்துத் தரையும் சேர்ந்து அடிப்பகுதியை நெருக்கியிருக்கின்றன. மூலைவிட்டங்கள் இரண்டும் ஒன்றல்ல. ஆகவே நிலை சதுரமாக இல்லை. கடையில் ஆயத்தக் கதவு வாங்குவதாயின் மிகக் குறைந்த அளவுக்கே வாங்கவேண்டும். மேலே இடைவெளி பல்லிளிக்கும். கையாற் செய்வதாயின் கூடிய அளவுக்குச் செய்து, நிலையில் நிறுத்திக் கோடு கீறி, சீவி இறக்கலாம். பக்கத்துக்கு அரைக்கால் அங்குலம் விடவேண்டும். மரம் மாரியில் அகலவாட்டில் பருக்கும், சோளகம் வீசும் மாதங்களில் சுருங்கும். நீளவாட்டில் ஏறக்குறைய மாறாது. "கூடினதைச் சீவலாம் ஐயா, குறைஞ்சதைக் கூட்டேலாது" என்றார் ஓடாவியார். வேப்பமரத்தில் செய்வதென்று முடிவாயிற்று.

பழைய கதவை என்ன செய்வதென்று கேட்டார். கோழிக்கூட்டுக்கு ஆகும் என்றும் சொன்னார். சுவரோடு சாத்தி வைக்கும்படி கூறினேன். அவர் போனபின், நாங்கள் அறைந்த சட்டத்தைத் தவிர்த்து அதனை அளந்தேன். 29 அங்குலம். யாரோ ஒருவர் தம் வீட்டு நிலையை அளந்து, பக்கத்துக்கு அரைக்கால் அங்குலம் விட்டு, அதனைச் செய்வித்திருக்கிறார். துணுக்காயிலோ, விசுவமட்டிலோ, 29¼ அங்குல அகலத்தில் ஒரு நிலை இன்றும் நிற்கக்கூடும். அதற்குரியவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.