தமிழ்நாட்டில் வீட்டுத் தொலைபேசி: செப்புக் கம்பியிலிருந்து இணையவழி அழைப்புக்கு

தமிழ்நாட்டு வீடுகளில் 'லேண்ட்லைன்' எனப்படும் தரைவழித் தொலைபேசி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செப்புக் கம்பியில் இயங்கியது. 2010-களின் இறுதியிலிருந்து அது கண்ணாடி இழைக்கும் இணையவழி அழைப்புக்கும் மாறிவருகிறது. மேசைமேல் இருக்கும் கருவி பார்வைக்கு அதேதான். சுழற்றும் எண்ணும் பல வீடுகளில் பழைய எண்தான். ஆனால் குரல் செல்லும் வழி, இணைப்பைத் தருபவர், கட்டணம், மின்சாரம் வரும் இடம் ஆகிய நான்கும் மாறிவிட்டன. இவற்றுள் அதிகம் பேசப்படாதது மின்சாரம். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி போல, வீடுகள் வயல்களுக்கு நடுவே தள்ளித்தள்ளி அமைந்த பகுதிகளில் அதன் விளைவு கூடுதல்.

செப்புக் கம்பி இணைப்பு இயங்கிய முறை

பழைய முறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி நிலையத்திலிருந்து ('எக்சேஞ்ச்') ஒரு ஜோடி செப்புக் கம்பி தனியாக வந்தது. நிலையத்தில் இருந்த பெரிய பேட்டரி வரிசை அந்தக் கம்பியின் வழியே 48 வோல்ட் மின்னழுத்தத்தை அனுப்பியது. ரிசீவரை எடுத்தவுடன் சுற்று முழுமையாகி மின்சாரம் ஓடும். நிலையம் அதை உணர்ந்து 'டயல் டோன்' கொடுக்கும். பேசுபவரின் குரல் அந்த மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாக மறுமுனைக்குச் சென்றது.

கருவி இயங்கத் தேவையான மின்சாரம் கம்பியிலேயே வந்ததால் வீட்டில் கரண்ட் போனாலும் தொலைபேசி வேலை செய்தது. நிலையத்தில் பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் நல்ல நிலையில் இருக்கும்வரை இணைப்பு உயிரோடு இருந்தது. வீட்டுக்காரர் அதற்காக எதுவும் செய்யவேண்டியதில்லை.

நகரத்திலிருந்து ஊர்ப்புறம் வரை

இந்தியாவில் தொலைபேசி நிலையங்கள் 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் முறைப்படி தொடங்கப்பட்டன. கல்கத்தா நிலையத்தில் அன்று 93 சந்தாதாரர்கள் இருந்தனர். தானியங்கி நிலையம் 1913-14-இல் சிம்லாவுக்கு வந்தது. வேறு ஊருக்கு ஆபரேட்டர் உதவியின்றி நேரடியாக அழைக்கும் எஸ்.டி.டி. வசதி 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதலில் வந்தது. எஸ்.டி.டி. எட்டாத ஊர்களில் 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என அதில் தரங்களும் தரத்துக்கேற்ற கட்டணங்களும் இருந்தன.

வீட்டு இணைப்புக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கூடுதல் முன்பணம் கட்டி வரிசையில் முந்திச் செல்ல 'ஓ.ஒய்.டி.' என்ற திட்டமும் இருந்தது. தொலைபேசி இருப்பதே ஒரு வீட்டின் அந்தஸ்தைக் காட்டியது. தெருவில் ஒரு வீட்டில் இணைப்பு இருந்தால் அக்கம்பக்கத்தார் அந்த எண்ணையே தங்கள் உறவினருக்கும் கொடுத்து வைத்தனர்.

1984-இல் சாம் பிட்ரோடாவின் முயற்சியால் 'சி-டாட்' என்ற அரசு ஆய்வு மையம் தொடங்கப்பட்டபின் நிலை மாறியது. அது வடிவமைத்த 128 முனைகள் கொண்ட ஊரகத் தானியங்கி நிலையம் 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் நிறுவப்பட்டது. இந்திய வெயிலிலும் தூசியிலும் குளிரூட்டும் வசதி இல்லாமல் இயங்கும்படி அது உருவாக்கப்பட்டிருந்தது. நாடெங்கும் சிறிய ஊர்களுக்குத் தானியங்கித் தொலைபேசி போய்ச் சேர்ந்ததற்கு இந்த நிலையம் முக்கியக் காரணம். ஏறத்தாழ அதே காலத்தில் எஸ்.டி.டி. பூத்துகளும் பெருகின. இரவு நேரத்தில் கட்டணம் குறைவு என்பதால் அப்போது பூத்துகளில் வரிசை நின்றது.

சேலம், நாமக்கல் பகுதியின் பொருளாதாரம் தொலைபேசியைப் பெரிதும் சார்ந்தது. லாரி புக்கிங் அலுவலகங்கள், நாமக்கல் கோழிப் பண்ணைகள், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டிகள் என எல்லாமே தொலைவில் உள்ளவருடன் அன்றாடம் பேசி நடக்கும் தொழில்கள். சேலம் நகருக்குத் தெற்கே உள்ள பனமரத்துப்பட்டி வட்டாரம் அரளிப் பூச் சாகுபடிக்குப் பெயர்பெற்றது. ஒரே நாளில் வாடிவிடும் சரக்குக்கு அன்றைய விலையை அன்றே அறிவது அவசியம்.

ஆனால் இப்பகுதியில் பல குடும்பங்கள் ஊருக்குள் இல்லாமல் தோட்டத்து வீடுகளில் வாழ்கின்றன. அத்தகைய வீட்டுக்குக் கம்பி இழுப்பது செலவு மிகுந்த வேலை. மழையில் இணைப்புப் பெட்டிக்குள் நீர் இறங்குவதும், சாலைப் பணியில் கேபிள் வெட்டுப்படுவதும், செம்புக்காகக் கேபிளே திருடப்படுவதும் வழக்கமான பழுதுகள். லைன்மேன் வரும்வரை இணைப்பு ஊமையாகவே கிடக்கும்.

குரல் இணையத்தில் ஏறிய கதை

குரலைச் சிறு சிறு தரவுப் பொட்டலங்களாக உடைத்து அனுப்பும் சோதனை 1974-இல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் நடந்தது. டேனி கோஹன் அதில் முக்கியப் பங்காற்றினார். 1995-இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் வீட்டுக் கணினிக்கான முதல் இணையத் தொலைபேசி மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் 'சிப்' என்ற நெறிமுறை 1999-இல் வெளியானது. 2003-இல் ஸ்கைப் வந்தபின் இணையவழிப் பேச்சு உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். தொடங்கியது. ஆனால் இணையத்தின் வழியே தொலைபேசி அழைப்புக்கு அனுமதி இல்லை. 2002 ஏப்ரல் 1 முதல் கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேச அனுமதி கிடைத்தது. வெளிநாட்டில் உள்ள மகனுடன் பிரவுசிங் சென்டரில் அமர்ந்து பேசும் பெற்றோரைச் சிறுநகரங்களிலும் காணமுடிந்தது. உள்நாட்டு லேண்ட்லைனுக்கு இணையத்திலிருந்து அழைப்பது மட்டும் தடையிலேயே இருந்தது.

இந்தத் தடைக்கு வருவாயும் ஒரு காரணம். தொலைதூர அழைப்புகளின் கட்டணம்தான் ஊர்ப்புற லேண்ட்லைன்களின் நஷ்டத்தை ஈடுகட்டியது. 2003 முதல் 2008 வரை, பிற நிறுவனங்களின் அழைப்புகளிலிருந்து ஒரு பங்கு 'அணுகல் பற்றாக்குறைக் கட்டணம்' என்ற பெயரில் பி.எஸ்.என்.எல்.-க்குச் சென்றது. இணையவழி அழைப்பு இந்த ஏற்பாட்டையே தவிர்த்துச் செல்லக்கூடியது. தடையை மீறி வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் எண்களுக்குத் திருப்பிவிட்ட சட்டவிரோத தொலைபேசி நிலையங்கள் பல நகரங்களில் பிடிபட்டன.

கைபேசியும் லேண்ட்லைனின் சரிவும்

2003-இல் கைபேசிக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. 2004-இல் கைபேசி இணைப்புகளின் எண்ணிக்கை தரைவழி இணைப்புகளை முந்தியது. 2006 மார்ச் 1 முதல், தயாநிதி மாறன் மத்திய அமைச்சராக இருந்தபோது, 'ஒன் இந்தியா' திட்டத்தில் நாட்டின் எந்தப் பகுதிக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாயில் பேசும் வசதி வந்தது. எஸ்.டி.டி. பூத்துகளுக்கு அதன்பின் வேலை குறைந்தது.

அந்த ஆண்டில் நாட்டில் தரைவழி இணைப்புகள் சுமார் 5 கோடி. 2020-இல் அது ஏறத்தாழ 2 கோடியாகச் சுருங்கியது. 2005-இல் தொடங்கிய பிராட்பேண்ட் சேவை செப்புக் கம்பிக்குச் சில ஆண்டுகள் கூடுதல் ஆயுள் தந்தது. ஆனால் நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட அதில் வேகம் குறையும். நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் அப்பால் இருந்த தோட்டத்து வீட்டுக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.-இன் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் சென்றனர். அதன்பின் செப்புக் கம்பிகளைப் பராமரிக்கும் ஆட்கள் வெகுவாகக் குறைந்தனர்.

கண்ணாடி இழையும் புதிய அனுமதியும்

2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) இணையவழித் தொலைபேசிக்கான பரிந்துரைகளை அளித்தது. அவற்றை ஏற்று 2018-இல் தொலைத்தொடர்புத் துறை அனுமதி வழங்கியது. உரிமம் பெற்ற நிறுவனம், தன் சந்தாதாரர் எந்த நிறுவனத்தின் இணையத்தைப் பயன்படுத்தினாலும், அதன்வழியே எந்தத் தொலைபேசி எண்ணுக்கும் அழைப்பைக் கொடுக்கலாம் என்பது இதன் சாரம். அதே ஆண்டில் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற சேவையைக் கொண்டுவந்தது. சிம் அட்டை இல்லாமல் ஒரு செயலி வழியே பேசும் இச்சேவைக்கு அப்போது ஓராண்டுக்கு 1,099 ரூபாயும் வரியும் கட்டணமாக இருந்தது.

2019 செப்டம்பர் 5 அன்று ஜியோ ஃபைபர் வணிகச் சேவையைத் தொடங்கியது. வீட்டு இணையத்துடன் கட்டணமில்லா லேண்ட்லைன் பேச்சு அதில் சேர்ந்தே வந்தது. பி.எஸ்.என்.எல்., ஏர்டெல் ஆகியவையும் கண்ணாடி இழை இணைப்புடன் தொலைபேசியை இணைத்தே தந்தன. முன்பு தொலைபேசிக்காகக் கம்பி வந்தது, அதில் இணையம் ஏறிக்கொண்டது. இப்போது இணையத்துக்காக இழை வருகிறது, அதில் தொலைபேசி ஏறிக்கொள்கிறது.

இழையை வீடுவரை கொண்டுவருபவரும் மாறினார். பி.எஸ்.என்.எல். கடைசிக் கட்டப் பணியை வருவாய்ப் பங்கீட்டு அடிப்படையில் உள்ளூர்க் கூட்டாளிகளிடம் ஒப்படைத்தது. பல ஊர்களில் அவர்கள் ஏற்கனவே கேபிள் டி.வி. நடத்திவந்தவர்கள். லைன்மேனின் இடத்துக்குக் கேபிள்காரர் வந்தார். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டது. 2024 மார்ச்சில் நாட்டின் தரைவழி இணைப்புகள் மீண்டும் 3.3 கோடியைத் தாண்டின. இந்த வளர்ச்சி இழை இணைப்புகளால் வந்தது.

எண்ணில் இருந்த முகவரி

பழைய எண் ஓர் இடத்தையும் குறித்தது. 0427 என்றால் சேலம், 04286 என்றால் நாமக்கல், 04287 என்றால் ராசிபுரம். எண்ணைக் கொண்டே எந்த ஊரிலிருந்து அழைப்பு வருகிறது என்று அறியலாம். அவசர அழைப்பு வந்தால் அந்தக் கம்பி எந்த வீட்டில் முடிகிறது என்பதும் நிலையத்தின் பதிவேட்டில் இருந்தது.

செயலிவழி அழைப்பில் இந்தத் தொடர்பு அறுகிறது. எண் ஓரிடத்தில் பதிவாகியிருக்கும், பேசுபவர் வேறெங்கோ இருப்பார். இந்தச் சிக்கலை அறிந்தே டிராய், அவசர உதவி எண்களை அழைக்கும் வசதியை இணையவழிச் சேவைகள் தர ஊக்குவிக்கலாம், இப்போதைக்குக் கட்டாயமாக்க வேண்டாம், இந்தக் குறைபாட்டைச் சந்தாதாரருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2017-இல் பரிந்துரைத்தது.

மின்சாரத்தின் பொறுப்பு

கண்ணாடி இழையில் ஒளிதான் செல்லும், மின்சாரம் செல்லாது. எனவே வீட்டில் உள்ள மோடத்துக்கு வீட்டு மின்சாரமே தேவை. கரண்ட் போனால் மோடம் அணையும், அதோடு தொலைபேசியும் நிற்கும். நிலையத்தின் பேட்டரி அறையில் இருந்த பொறுப்பு இவ்வாறு வீட்டுக்காரரிடம் வந்து சேர்ந்தது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளுக்கு இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. மோடத்துக்கென்றே சிறிய பேட்டரிப் பெட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் தோட்டத்து வீட்டில் தனியாக வாழும் முதியவருக்கு, புயலோ பெருமழையோ வந்து மின்கம்பி அறுந்த இரவில்தான் தொலைபேசி மிகவும் தேவைப்படும்.

கைபேசி இருக்கிறதே என்பது இதற்கு வழக்கமான பதில். பெரும்பாலான வீடுகளுக்கு அது பொருந்தும். ஆனால் நீண்ட மின்தடையில் கைபேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீரும். மலையடிவாரங்களில் சிக்னல் கிடைக்காத இடங்களும் உள்ளன. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் தொடங்கிய வைஃபை அழைப்பு இத்தகைய வீடுகளுக்கு உதவியது. ஆனால் அதுவும் அதே மோடத்தையே நம்பியிருக்கிறது.

பிற நாடுகளில்

இந்தப் பிரச்சினையை வெளிப்படையாக எதிர்கொண்ட நாடுகளுள் ஒன்று பிரிட்டன். அங்கு 2025 இறுதிக்குள் செப்புக் கம்பித் தொலைபேசியை நிறுத்தத் திட்டமிடப்பட்டது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் பல வீடுகளை நாட்கணக்கில் இருட்டில் வைத்தது. அடுத்துவந்த புயல்களுக்குப் பின், 2022 மார்ச்சில் பி.டி. நிறுவனம் தன் இணையவழித் தொலைபேசி மாற்றத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. முதியோர் அவசரத்துக்கு அழுத்தும் பொத்தான் கருவிகள் பழைய இணைப்பையே நம்பியிருந்ததும் தெரியவந்தது. இறுதிக் கெடு 2027 ஜனவரி வரை நீட்டிக்கப்பட்டது. கைபேசி சிக்னல் இல்லாமல் லேண்ட்லைனை மட்டும் நம்பியிருப்பவருக்கு, மின்தடையில் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்கும் வழி செய்துதரவேண்டும் என்பது அங்குள்ள விதி. அமெரிக்காவிலும், கேட்கும் சந்தாதாரருக்கு 8 மணி நேரம் தாங்கும் பேட்டரியை நிறுவனங்கள் விலைக்கு வழங்கவேண்டும் என்று 2015-இல் விதிக்கப்பட்டது.

மதிப்பீடு

கட்டணம், வேகம், அழைப்பின் தெளிவு ஆகிய மூன்றிலும் இம்மாற்றம் பயனருக்கு நன்மையே. ஒரு காலத்தில் ஒரு டிரங்க் காலுக்கு ஆன செலவில் இன்று மாதம் முழுவதும் பேசலாம். கம்பி எட்டாத தோட்டத்து வீட்டுக்கும் இழை எட்டுகிறது. எனினும் பழைய இணைப்பில் கேட்காமலே கிடைத்த இரண்டு பாதுகாப்புகள், அதாவது மின்தடையிலும் இயங்குவதும் இடத்தைக் காட்டுவதும், புதிய இணைப்பில் தாமாக வருவதில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் அவற்றில் முதலாவதை நிறுவனங்களின் கடமையாக எழுதிவைத்தன. தமிழ்நாட்டு வீடுகளில் அது பெரும்பாலும் வீட்டுக்காரர் வாங்கிவைக்கும் பேட்டரியைப் பொறுத்ததாகவே இருக்கிறது.