பெந்தாமின் பேரேடு

ஜெரமி பெந்தாமைக் கணக்கப்பிள்ளை என்று ஒதுக்குவது இலக்கியவாதிகளுக்குச் சௌகரியமான பழக்கம். இன்பம் வரவு, துன்பம் பற்று. பேரேட்டோடு பிழைப்பு நடத்தும் எனக்கே அவர் அலுப்புத் தட்டியதுண்டு.

1785 வாக்கில் அவர் எழுதிய சில தாள்கள் வேறு விதமானவை. ஆணும் ஆணும் கூடினால் அன்றைய இங்கிலாந்தில் தூக்கு. இதனால் கெடுபவர் யார் என்று பெந்தாம் தேடுகிறார், ஒருவரும் அகப்படவில்லை. மிஞ்சுவது மற்றவர்களின் அருவருப்பு. அதற்காக ஒருவனைக் கொல்லலாமா? இயற்கைக்கு விரோதம் என்று கான்ட் முகம் சுளித்த விஷயம் இது. நிதானம் கணக்கப்பிள்ளைக்குத்தான் வாய்த்தது.

அச்சிட மட்டும் துணிவில்லை. ஆத்திரப்படாமல் எழுதுகிறவன் மேலேயே சந்தேகம் விழும் என்ற பயம் அவருடைய குறிப்புகளில் தெரிகிறது. 1832ல் இறந்தார். 1835ல் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் இருவரையும் லண்டனில் இதற்காகத் தூக்கிலிட்டார்கள். பெந்தாமின் சட்டத்தொகுப்புக் கனவில் ஊறிய மெக்காலே நமக்கு வரைந்த தண்டனைச் சட்டம் 1860ல் நிறைவேறியபோது, அதில் 377ஆம் பிரிவும் இருந்தது. வயதுவந்தோரின் சம்மத உறவு அதிலிருந்து விடுபட 2018 ஆயிற்று.

தம் எலும்புக்கூட்டுக்கு உடை மாட்டி உட்காரவைக்கச் சொன்னவர் பெந்தாம். 1850லிருந்து லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அது காட்சிப்பொருள். அதே கல்லூரியின் பெட்டிகளில் கிடந்த அந்தக் கட்டுரை முழுதாக அச்சேறியது 1978ல்.